யாரையும் எதுவும் சொல்லாத தலைவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேக்காம என் பேரை என்னத்துக்கு எழுதினேள்?" என்று கேட்பார். அதில் கோபம் இருக்காது. காரணத்தை உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். 

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அவரை மாமி என்றுதான் கூப்பிட்டோம். மாமா என்று ஒருவர் இருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. அவர் யாரையும் சொந்த விஷயம் கேட்டதில்லை. அதனால் அவரைக் கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை. பாலக்காட்டுப் பக்கம் பூர்வீகம், மாட்டுங்காவில் வளர்ந்தவர், ஓர் இறக்குமதி ஏஜென்சியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இவ்வளவுதான் தெரியும். நாங்கள் அங்கே குடிவந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். எப்போதும் பருத்திப் புடவை, கையில் பெரிய டயல் வைத்த ஆண்கள் கடிகாரம்.

தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி கொண்ட பழைய கட்டடம் அது. லிஃப்ட் கிடையாது. மாமி முதல் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. எனக்குத் தாராவியில் மளிகைக் கடை. காலையில் போனால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவேன். அப்படி இருந்தும் குடியிருப்போர் சொசைட்டியின் செயலாளர் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வேறு யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை.

மாமியை நாங்கள் முதலில் நெருக்கமாகத் தெரிந்துகொண்டது மாவால்தான். என் மனைவி செல்வி வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு அக்கம்பக்கத்துக்கு விற்றுவந்தாள். அப்போது தலைவராக இருந்தவர் கல்யாணராமன் சார், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். 'குடியிருப்புப் பகுதியில் வியாபாரம் கூடாது' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். பெயர் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. அடுத்த கூட்டத்தில் அந்த விஷயம் வந்தபோது, நான் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமி எழுந்தார்.

"அவ ஆத்துல அவ மாவு அரைக்கறா. வேணுங்கறவா வாங்கிக்கறா. இதுல நடுவுல நாம எங்க வந்தோம்?"

"சத்தம் வருது மாமி. ரூல்னு ஒண்ணு இருக்கு" என்றார் கல்யாணராமன்.

"கிரைண்டருக்கு நேர் கீழ இருக்கறது நான்தான். எனக்குக் கேக்கறது. கேட்டா என்ன குடிமுழுகிப் போச்சு?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் செல்வி நன்றி சொல்ல ஒரு பாக்கெட் மாவோடு கீழே போனாள். மாமி வாங்கிக்கொள்ளவில்லை. தனக்கு இட்லி பிடிக்காது என்றும், இந்த விஷயத்தில் தான் இட்லிக்காகப் பேசவில்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

யாரையும் எதுவும் செய்யச் சொல்லக் கூடாது. மாமியிடம் இருந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. பக்கத்து வீட்டில் டி.வி. அலறினால் தன் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். தன் வாசலுக்கு முன்னால் யாராவது செருப்பைக் குவித்து வைத்தால் தாண்டிப் போவார். ஒருமுறை நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தார். டாக்டரிடம் போகலாம் என்று செல்வி கெஞ்சினாள்.

"நான் சொல்லுதது காதுல விழுதா மாமி?"

"நன்னா விழறது. கேட்டுண்டேன். செய்யணும்னு இல்லையே."

செல்வி அழுதுகொண்டே மேலே வந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கியது. இறங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. தன்னைத் தவிர வேறு யாரும் தன் கதவுக்குள் வந்துவிடக் கூடாது என்று ஒருவர் இவ்வளவு பிடிவாதமாக இருந்தால், அவர்மேல் அன்பு வைப்பவர்கள் எங்கே நிற்பது?

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒருமுறை சொன்னார். அவர் வேலை பார்த்த காலத்தில், குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்துப் பெட்டிகள் ஒரு நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் வந்து இறங்கின. கையெழுத்துப் போட வேண்டிய சுங்க அதிகாரி ஊருக்குக் கிளம்பிவிட்டார். பெட்டியைத் திறக்கக் காவலாளி தயார், எடுத்துப்போக வண்டி தயார், மருந்துக்காக ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றார். கையெழுத்து இல்லை. மூன்று நாள் கழித்து எல்லாவற்றையும் கொட்டினார்கள்.

"யாரும் கெட்டவா இல்லை. எல்லாரும் ரூல்படி நடந்துண்டா" என்றார். 

கல்யாணராமன் சாருக்கும் அவருக்கும் நேரடியாக மோதல் வந்தது ரெஜிஸ்டர் விஷயத்தில். தரைத்தளத்து வீடு ஒன்றில் கேரளத்துப் பெண்கள் இருவர் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு பேரும் நர்ஸ். ஷிப்ட் முடிந்து கண்ட நேரத்தில் வருவார்கள். சிலருக்கு அது பொறுக்கவில்லை. கேட்டில் ஒரு ரெஜிஸ்டர் வைத்து, போகிற நேரம், வருகிற நேரம், காரணம் மூன்றையும் எல்லோரும் எழுத வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டார். எல்லோரும் என்று சொன்னாலும், வாட்ச்மேன் மறித்தது அந்தப் பெண்களை மட்டும்தான்.

மாமி எதிர்த்துப் பேசவில்லை. எழுத ஆரம்பித்தார். காலை ஏழு பத்துக்கு வெளியே போனார், காரணம்: கொத்தமல்லி. ஏழு இருபதுக்கு உள்ளே வந்தார். ஏழு இருபத்திரண்டுக்கு மறுபடி வெளியே, காரணம்: கறிவேப்பிலை மறந்துபோனது. பத்து மணிக்கு, வெயில் எப்படி இருக்கிறது என்று பார்க்க. பத்து ஐந்துக்கு, முதலில் சரியாகப் பார்க்கவில்லை. மதியம், சும்மா. நான்கு நாளில் ரெஜிஸ்டர் பாதி முடிந்தது. பீகாரிலிருந்து வந்த வாட்ச்மேன் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டு, "மாமிஜி, பஸ் கரோ" என்றான். ஐந்தாம் நாள் அந்த நோட்டை அவனே எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டான்.

அந்த வருஷம் கமிட்டியின் காலம் முடிந்தது. ஏழு பேர் கொண்ட புதிய கமிட்டி கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பேர் கல்யாணராமன் பக்கம். மாமியும் கமிட்டியில் இருந்தார்; வேறு இரண்டு பேர் அவரையே நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். அவரிடம் போய்க் கேட்டதற்கு, "நானா நிக்க மாட்டேன். நிறுத்தினா வேண்டாங்க மாட்டேன்" என்றார். ஏழாவது ஆள் நான்.

ஒரு வாரம் கட்டடத்தில் வேறு பேச்சே இல்லை. மாடிப்படியில், காம்பவுண்டில், குர்லா ஸ்டேஷன் வரைக்கும் ஷேர் ஆட்டோவில், எங்கே பார்த்தாலும் இதைத்தான் பேசினார்கள். கல்யாணராமன் சார் என் கடைக்கே வந்துவிட்டார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, "நல்ல லேடிதான் சார். நான் இல்லைங்கல. ஆனா ரூலே வேண்டாங்கறவங்களை ரூல் போடற நாற்காலில உக்கார வைக்கலாமா? கட்டடம் பழசு. நாளைக்கு ஒண்ணுன்னா யார் முடிவெடுப்பா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது செல்வியிடம் சொன்னேன்.

"நீங்க அதை மாமிகிட்டயே கேக்க வேண்டியதுதான? எங்கிட்ட ஏன் கேக்கீய?" என்றாள்.

மறுநாள் கேட்டேன். மாமி ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றாமல் சொன்னார்:

"நாற்காலியைக் காலியா விட்டா யாராவது வந்து உக்காந்துண்டு உத்தரவு போட ஆரம்பிச்சுடுவா. நான் உக்காந்தா அது காலியாவே இருக்கும். அதுக்குத்தான்."

தனக்கு ஓட்டுப் போடச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவருக்குத்தான் போட்டேன்.

மாமி தலைவரான பிறகு வந்த ஒன்பது மாதங்களைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. நோட்டீஸ் போர்டில் தண்ணீர் வரும் நேரம் மட்டும் மிஞ்சியது. கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. நர்ஸ் பெண்கள் தலைநிமிர்ந்து நடந்தார்கள். மழைக்கு முன்னால் மொட்டைமாடியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மாமி யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே துடைப்பத்தோடு ஏறினார். அரை மணியில் ஆறு பேர் பின்னால் போய்விட்டார்கள்.

பிறகு மூன்றாம் மாடியில் சுவர் இடிக்க ஆரம்பித்தார்கள்.

எங்களுக்கு நேர் மேலே இருந்தவர் ராஜதுரை அண்ணாச்சி, எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நல்ல மனுஷர். அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தார். படுக்கையறை வாசல் குறுகல், நாற்காலி திரும்பாது. ஒவ்வொரு தடவையும் அம்மாவைத் தூக்கி அண்ணாச்சிக்கு இடுப்பு போய்விட்டது. அதனால் அறைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிடுவது என்று முடிவு செய்து ஒரு திங்கட்கிழமை ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை நான் கடையிலிருந்து சீக்கிரம் வந்தபோது, எங்கள் படுக்கையறைக் கூரையில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஜன்னலிலிருந்து அலமாரி வரைக்கும்.

மேலே போனேன்.

"அண்ணாச்சி, கூரை விரியுது. வேலைய ரெண்டு நாள் நிறுத்துங்க. ஒரு இன்ஜினியரக் கூப்பிட்டுக் காட்டிக்கிடுவோம்."

"தம்பி, பழைய கட்டடம்னா பூச்சு விரியத்தான் செய்யும். நம்ம ஆளு நீயே இப்படிச் சொன்னா எப்படி? சொவரு என் வீட்டுக்குள்ள நிக்குது. அவனவன் வீடு அவனவன் இஷ்டம்னு உங்க தலைவரே சொல்லியாச்சு."

கீழே போய் மாமியை அழைத்துவந்தேன். அவர் ஸ்டூலில் ஏறி விரிசலை வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார்.

"நீங்க நிறுத்தச் சொன்னா நிறுத்துவாக மாமி. நீங்க தலைவர்" என்றேன்.

"இது பூச்சா, உள்ள வரைக்கும் போயிருக்கான்னு தெரியலையே. தெரியாம போய் ஒரு மனுஷனை வேலையை நிறுத்துன்னு எப்படிச் சொல்றது? அவர் அம்மா கஷ்டமும் கஷ்டம்தானே."

ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்து, விரிசலின் குறுக்கே பசை தடவி ஒட்டினார். விரிசல் வளர்ந்தால் காகிதம் கிழியும். "நாளைக்குச் சாயங்காலம் வந்து பாக்கறேன். கிழிஞ்சிருந்தா நானே மேல போறேன். தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தருக்கும் போன் பண்றேன்" என்றார்.

செல்வி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாங்க இதுக்கு அடியிலதான இருக்கணும்?" என்றாள். மாமி ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டுக் கீழே போனார். அன்று ராத்திரி ஹாலில் படுத்துக்கொண்டோம்.

புதன்கிழமை மதியம் செல்வி அலமாரியிலிருந்து துணி எடுக்க அந்த அறைக்குள் போனாள். மேலே சம்மட்டி அடி விழுந்தது. கூரையிலிருந்து ஒரு பாளம் சிமெண்ட் பெயர்ந்து அவள் வலது தோளில் விழுந்தது. தலை தப்பியது.

எனக்கு போன் வந்து நான் ஓடிவருவதற்குள் நடந்ததைச் செல்வி பிறகு சொன்னாள். சத்தம் கேட்டு முதலில் வந்தது மாமிதான். அவளைத் தூக்கி ஹாலில் உட்காரவைத்தார். நர்ஸ் பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு அவளிடம் விட்டுவிட்டு மேலே ஏறினார். அறுபதைத் தாண்டிய அவர் அப்படிப் படியேறி அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிறகு மேலேயிருந்து ஒரு குரல், வேலையை நிறுத்திச் சம்மட்டியைக் கீழே வைக்கச் சொல்லி இந்தியில் கத்தியது.

"பந்த் கரோ! அபி! ஹதோடா நீச்சே ரக்கோ!"

யாருடைய குரல் என்று செல்விக்கு உடனே தெரியவில்லையாம்.

அண்ணாச்சி சண்டைக்கு வந்தார். "நீங்கதான சொன்னீய, அவனவன் வீடு அவனவன் இஷ்டம்னு? இப்ப என்ன அதிகாரம் பண்ணுதீய?"

"சொன்னேன். இந்தச் சொவர் உங்க ஆத்தோட முடியலை. கீழ ஒருத்தி தோள் வரைக்கும் வந்துடுத்து. வந்து பாருங்கோ" என்றார் மாமி.

அண்ணாச்சி வந்து பார்த்தார். செல்வியின் முடியெல்லாம் வெள்ளையாகச் சிமெண்ட் தூள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் இன்ஜினியர் வந்து இரும்பு முட்டுகள் கொடுக்கச் சொன்னார். உத்தரத்தைத் தாங்குவதே அந்தச் சுவர்தான் என்றும், இன்னும் ஒரு நாள் இடித்திருந்தால் அறையே இறங்கியிருக்கும் என்றும் சொன்னார். சக்கர நாற்காலிக்கு வேறு பக்கம் வழி இருக்கிறது என்று அவரே காட்டிக்கொடுத்தார். பிற்பாடு அப்படித்தான் செய்தார்கள்.

செல்விக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக் கட்டினார்கள். மாமி மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. கையில் சீப்போடு நின்றார். "ஒத்தைக் கையால பின்னிக்க முடியாதே" என்று சொல்லி உள்ளே வந்து, செல்வியைத் தரையில் உட்காரவைத்துத் தலைவாரிப் பின்னிவிட்டார். அதற்குப் பிறகு தினமும் வந்தார்.

மூன்றாவது வாரம் கமிட்டி கூடியது. தலைவரை மாற்ற வேண்டும் என்று கல்யாணராமன் தீர்மானம் கொண்டுவந்தார். கட்டடமே வந்து சுற்றி நின்றது.

"இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன். ரூல் இருந்திருந்தா பர்மிஷன் இல்லாம ஒரு ஆணி அடிச்சிருக்க முடியாது" என்றார்.

மாமி எழுந்தார். "செவ்வாய்க்கிழமையே நான் மேல போயிருக்கணும். போகலை. சந்தேகம் வந்தப்பவே நிறுத்தச் சொல்லியிருக்கணும். நான் நிச்சயம் பண்ணிக்கணும்னு காகிதம் ஒட்டிண்டிருந்தேன். அது என் தப்பு. இனிமே சொவரைத் தொடணும்னா இன்ஜினியர் எழுதித் தரணும்னு ஒரு ரூல் போடுங்கோ. அதுக்கு நான் கை தூக்கறேன். ஆனா இதைச் சாக்கா வெச்சுண்டு மத்ததெல்லாம் திரும்பக் கொண்டுவராதேங்கோ."

செல்விக்குக் கமிட்டியில் ஓட்டு இல்லை. ஆனாலும் கட்டுப்போட்ட கையோடு பேசினாள். "எனக்கு அடிபட்டது சொவத்தால. கேட்ல ரெஜிஸ்டர் இல்லாததால இல்ல. மாமி ஒரு நாள் பிந்திட்டாக. அதுக்காக அவுகள எறக்காண்டாம்."

கையைத் தூக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மற்ற எல்லா நாளும் அவர் நல்ல தலைவர். ஒரே ஒரு நாள் இல்லை. அந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தானே தலைவர் என்று ஒருவரை வைத்திருக்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. என் மனைவியின் தோளைப் பார்த்தேன். மாற்ற வேண்டும் என்று கையைத் தூக்கினேன்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணராமன் மறுபடி தலைவரானார். சுவருக்கான ரூல் வந்தது, அது நல்ல ரூல். அதன் பின்னாலேயே மற்றவையும் வந்தன. நர்ஸ் பெண்கள் இரண்டு மாதத்தில் வீட்டைக் காலிசெய்து அம்பர்நாத் பக்கம் போனார்கள். வேலைக்கு வர இரண்டு மணி நேரம் ஆகிறது என்று அவர்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள். சில வருஷம் கழித்து மாமியும் டோம்பிவிலியில் தங்கை வீட்டோடு போய்விட்டார். அன்று நான் கை தூக்கியது சரியா என்று யாராவது இப்போது கேட்டால், நர்ஸ் பெண்கள் முகம் வரும்போது ஒரு பதிலும், சிமெண்ட் தூள் ஞாபகம் வரும்போது வேறு பதிலும் சொல்கிறேன்.

கூட்டம் நடந்ததற்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. நான் எழுந்து போகத் தயங்கினேன். செல்வி போய்த் திறந்தாள். மாமி எப்போதும்போல உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். செல்வி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நான் சமையலறையில் பால் காய்வதைப் பார்த்தபடி நின்றேன்.

"மாமி, இந்த மனுஷன் உங்களுக்கு எதிராக் கை தூக்கிருக்காவ. நீங்க ஒண்ணும் கேக்கலியே?" என்றாள் செல்வி. எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"என்னத்தைக் கேக்கறது? யோசிச்சுத்தானே தூக்கினார்."

"ஏன்னு கேக்கலாமுல்லா?"

மாமி சீப்பை நிறுத்தினார். "உன் தோளைப் பாத்துட்டுத் தூக்கினார். நான் பாத்துண்டுதான் இருந்தேன்" என்றார். பிறகு செல்வியின் உச்சந்தலையில் கையை வைத்து மெல்ல அழுத்தினார்.

"பேசாம தலையைக் குனி. ஒரே சிக்கு."

செல்வி குனிந்தாள்.